எங்கே என்பதற்கு முன் எப்போது: அமெரிக்கக் கண்டங்களின் அரிய காட்சிகள்

நயாகரா, கிராண்ட் கேன்யன், விடுதலைச் சிலை ஆகியவற்றை முன்பே பார்த்துவிட்டதாகவும், கலிபோர்னியாவில் இருக்கும் மகன் வீட்டில் தங்கிக்கொண்டு இரண்டு மாத அளவில் வட, தென் அமெரிக்கக் கண்டங்களில் பலரும் போகாத இயற்கைக் காட்சிகளையும் விந்தையான இடங்களையும் பார்க்க விரும்புவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். இந்தியக் கடவுச்சீட்டில் பயணம், இருவரும் அறுபதைத் தாண்டியவர்கள், எந்த மாதம் என்பது இன்னும் முடிவாகவில்லை என்றும் குறிப்பிட்டிருக்கிறீர்கள். எந்த இடங்களுக்குப் போகலாம் என்பது உங்கள் கேள்வி. மாதத்தை முதலில் முடிவு செய்யுங்கள், இடங்கள் தாமே அமையும் என்பதுதான் என் பதில்.

கட்டடங்களையும் சிலைகளையும் எந்த நாளில் போனாலும் பார்க்கலாம். இந்தக் கண்டங்களின் இயற்கை விந்தைகளில் சிறந்தவையோ ஆண்டில் சில வாரங்களுக்கும், சில வேளைகளில் நாளில் சில மணி நேரத்துக்கும் மட்டுமே தென்படுபவை. புகைப்படத்தைப் பார்த்து ஆசைப்பட்டு, விமானச் சீட்டு மலிவாகக் கிடைத்த மாதத்தில் போய், வெறும் பாறையையோ காய்ந்த மணலையோ பார்த்துவிட்டுத் திரும்புகிறவர்கள் பலர். அந்த ஏமாற்றத்துக்கு இடத்தைக் குறை சொல்லிப் பயனில்லை.

உங்கள் மகன் வீட்டுக்கு அருகிலேயே இதற்குச் சரியான எடுத்துக்காட்டு இருக்கிறது. யோசெமிட்டி தேசியப் பூங்காவில் எல் கேபிடன் என்னும் பெரும் பாறையின் கிழக்கு விளிம்பிலிருந்து ஹார்ஸ்டெயில் என்ற மெலிந்த அருவி விழுகிறது. குளிர்காலத்திலும் இளவேனில் தொடக்கத்திலும் மட்டுமே அதில் நீர் இருக்கும். பிப்ரவரி மாதத்தின் நடுவிலும் இறுதியிலுமாகச் சுமார் இரண்டு வாரங்களுக்குச் சூரியன் மறையும் கோணம் மிகச் சரியாக அமைந்து, அந்த நீர்க்கோடு மட்டும் ஏறக்குறைய 10 நிமிடம் உருகிய இரும்பைப் போல ஒளிரும். அதற்கு மூன்று நிபந்தனைகள் ஒன்றுசேர வேண்டும்: மலைமேல் பனி இருக்க வேண்டும், அது உருகி நீராக ஓடும் அளவுக்குப் பகலில் வெப்பம் இருக்க வேண்டும், மேற்கு வானில் மேகம் இருக்கக் கூடாது. மூன்றில் ஒன்று தவறினாலும் கூடியிருக்கும் கூட்டம் முழுவதும் வெறுங்கையோடு திரும்பும். இதே பூங்காவில் கிளேசியர் முனையின் உச்சியிலிருந்து எரியும் தணலைத் தள்ளிவிட்டுச் செயற்கையாக ஒரு நெருப்பருவியைக் காட்டும் வழக்கம் முன்பு இருந்தது. 1968 ஜனவரியில் பூங்காத் துறை அதை நிறுத்திவிட்டது. இயற்கையான காட்சி இன்று அதைவிடப் பெரிய கூட்டத்தை இழுக்கிறது. சில ஆண்டுகளில் அந்த வார இறுதிகளுக்கு நுழைவு முன்பதிவையே கட்டாயமாக்கினார்கள். நீங்கள் பிப்ரவரியில் அங்கே இருந்தால் வார நாளில் போங்கள். அன்று தென்படாவிட்டாலும் வருந்தாதீர்கள், பனி மூடிய யோசெமிட்டிப் பள்ளத்தாக்கே போன பயணத்துக்கு ஈடாகும்.

அதே கலிபோர்னியாவில், எல்லைப் பக்கமாக, மரணப் பள்ளத்தாக்குத் தேசியப் பூங்கா இருக்கிறது. 1913 ஜூலை 10 அன்று அங்குள்ள ஃபர்னஸ் கிரீக்கில் 56.7 பாகை செல்சியஸ் பதிவானது. உலகில் பதிவான மிக உயர்ந்த காற்று வெப்பநிலையாக இன்றும் அதையே கொள்கிறார்கள். ஆகவே மே முதல் செப்டம்பர் வரை அந்தப் பக்கம் போகவே வேண்டாம் என்பேன். நவம்பர் முதல் மார்ச் வரை போனால், கடல் மட்டத்துக்கு 86 மீட்டர் கீழே இருக்கும் பேட்வாட்டர் உப்புப் படுகையில் நிதானமாக நடக்கலாம். 2023 ஆகஸ்டில் ஹிலரி புயல் கொட்டிய மழையில் இந்தப் படுகை ஏரியாக மாறியது. 2024 பிப்ரவரியில் மீண்டும் மழை பெய்தபோது அதில் சில நாள்கள் சிறு படகு விடவும் அனுமதித்தார்கள். பின் நீர் வற்றி, பழைய உப்புத் தரையே மிஞ்சியது.

இந்தப் பூங்காவில் நான் முதலிடம் கொடுப்பது பேட்வாட்டருக்கு அல்ல. மலைகளுக்கு நடுவே ரேஸ்டிராக் என்று அழைக்கப்படும், ஏறக்குறைய 4.5 கிலோமீட்டர் நீளமுள்ள வறண்ட ஏரிப்படுகை ஒன்று இருக்கிறது. தளம் போட்டது போன்று மட்டமான அந்தக் களிமண் தரையில் ஆங்காங்கே கற்கள் கிடக்கின்றன. ஒவ்வொன்றின் பின்னாலும் அது நகர்ந்து வந்த தடம் நீண்ட கோடாகப் பதிந்திருக்கிறது. சில தடங்கள் நேராகச் செல்கின்றன, சில திடீரென்று திரும்புகின்றன, சில இரட்டைக் கோடுகளாக இணையாக ஓடுகின்றன. சில கற்களின் எடை 300 கிலோவை எட்டும். மனிதர்களோ விலங்குகளோ தள்ளியதற்கான அடையாளம் எதுவும் இல்லை. 1940-களிலிருந்து நிலவியலாளர்கள் இதற்கு விளக்கம் தேடினார்கள். பலத்த காற்று, வழுக்கும் பாசி, தடித்த பனிப்பாளம் என்று பல கருதுகோள்கள் வந்தன. கற்கள் நகர்வதை மட்டும் எவரும் கண்ணால் பார்த்ததில்லை.

ரிச்சர்ட் நாரிஸ், ஜேம்ஸ் நாரிஸ் என்ற உறவினர் இருவரும் அவர்களுடைய குழுவினரும், பூங்காத் துறையின் அனுமதியோடு, இடங்காட்டிக் கருவி பொருத்திய கற்களை அந்தப் படுகையில் வைத்தார்கள். 2013 டிசம்பரில் அவர்கள் அங்கே போனபோது படுகையின் ஒரு பகுதியில் ஆழமற்ற நீர் தேங்கி, இரவில் உறைந்திருந்தது. காலை வெயிலில் அந்தப் பனி, சில மில்லிமீட்டர் மட்டுமே தடிமனுள்ள பெரிய தகடுகளாக உடைந்து, மெல்லிய காற்றிலேயே மிதந்து நகர்ந்தது; வழியில் இருந்த கற்களைத் தள்ளிக்கொண்டே போனது. வேகம் நிமிடத்துக்கு 2 முதல் 5 மீட்டர்தான். தொலைவிலிருந்து பார்ப்பவருக்குக் கல் நகர்கிறது என்றே தெரியாது. சுற்றியிருக்கும் எல்லாமே சேர்ந்து நகர்வதால் ஒப்பிட எதுவும் இருக்காது. 2014-இல் இது ஆய்விதழில் வெளிவந்தது. புயல்காற்றுக்கும் தடித்த பனிக்கும் கொடுத்திருந்த பழைய மதிப்பு போய், மழை, உறைபனி, வெயில், இளங்காற்று ஆகிய நான்கும் அடுத்தடுத்து அமைய வேண்டும் என்ற அரிய தற்செயலே காரணம் என்று தெரிந்தது. மர்மம் விலகியதால் காட்சியின் சுவை குறைந்துவிட்டதாகச் சிலர் சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. காரணம் தெரிந்த பின் ஒவ்வொரு தடத்தின் வளைவிலும் அன்றைய காற்றின் திசையைப் படிக்க முடிகிறது.

போகும் வழி கடினமானது. யுபிஹிபி எரிமலை வாய்க்கு அருகில் தார்ச்சாலை முடிந்து, கூரிய கற்கள் நிறைந்த, அலையலையான மண்பாதையில் சுமார் 43 கிலோமீட்டர் போக வேண்டும். டயர் பஞ்சராவது அங்கே அன்றாடம் நடப்பது. கைப்பேசித் தொடர்பு கிடையாது. வாடகைக் கார் ஒப்பந்தங்கள் பெரும்பாலும் இத்தகைய பாதையை அனுமதிப்பதில்லை. எனவே உயரமான நான்கு சக்கர இயக்க வண்டி, தரமான மாற்று டயர், தேவைக்கு மேல் குடிநீர் ஆகியவை இல்லாமல் போகாதீர்கள். படுகை ஈரமாக இருந்தால் அதில் கால் வைக்கவே கூடாது. ஈரக் களிமண்ணில் பதியும் செருப்புத் தடம் ஆண்டுக்கணக்கில் அழியாது. கற்களைத் தூக்கிக்கொண்டு போனவர்களும், வண்டியை உள்ளே ஓட்டி வட்டமடித்தவர்களும் உண்டு. கல் இல்லாமல் தடம் மட்டும் முடிந்துவிடும் இடங்களைப் பார்க்கும்போது அந்தத் திருடர்கள் மீது வரும் எரிச்சல் கொஞ்சமல்ல.

கோடையில்தான் போக முடியும் என்றால் உங்கள் பட்டியல் வேறாக இருக்க வேண்டும். யெல்லோஸ்டோனின் கிராண்ட் பிரிஸ்மாட்டிக் ஊற்று அதில் சேரும். 100 மீட்டருக்கும் மேல் அகலமுள்ள அந்த வெந்நீர்க் குளத்தின் நடு நீலமும், விளிம்பில் படரும் மஞ்சளும் செம்மஞ்சளும் படங்களில் பார்த்திருப்பீர்கள். விளிம்பின் நிறங்கள் வெப்பத்தை விரும்பும் நுண்ணுயிர்களுடையவை. நடுவில் உயிர்கள் தாங்க முடியாத சூடு என்பதால் நீரின் இயல்பான நீலம் தெரிகிறது. குளிர்ந்த காலையில் போனால் நீராவி எல்லாவற்றையும் மறைத்துவிடும். வெயில் ஏறிய நண்பகலில், பலகைப் பாதையில் நின்று பார்ப்பதைவிட, ஃபேரி அருவிப் பாதையிலிருந்து சிறிது மேலேறும் பார்வை மேடைக்குப் போனால்தான் முழு வட்டமும் தெரியும். இதே பூங்காவின் வேறொரு வெந்நீர்க் குளத்தில் 1960-களில் நுண்ணுயிரியலாளர் தாமஸ் பிராக் கண்டெடுத்த நுண்ணுயிரின் நொதிதான் பிற்காலத்தில் பி.சி.ஆர் சோதனைக்கு அடிப்படையாயிற்று. கொரோனாக் காலத்தில் மூக்கில் குச்சி விட்டுக்கொண்ட நாம் எல்லோரும் யெல்லோஸ்டோனுக்குச் சிறிது கடன்பட்டவர்களே.

கோடைக்கு உரிய இன்னொன்று கனடாவின் ஃபண்டி விரிகுடா. அங்கே பார்க்க வேண்டியது கடல் ஏறி இறங்குவதை. சாதாரணக் கடற்கரைகளில் உயர் ஓதத்துக்கும் தாழ் ஓதத்துக்கும் இடையே ஒன்றிரண்டு மீட்டர் வேறுபாடு இருக்கும். ஃபண்டியின் உட்கோடியில் பர்ன்ட்கோட் ஹெட் அருகே அது 16 மீட்டர் வரை போகிறது, அதாவது ஐந்து மாடிக் கட்டடத்தின் உயரம். நிலவின் ஈர்ப்பு அங்கே மட்டும் அதிகம் என்பதல்ல காரணம். விரிகுடாவில் நீர் ஒருமுறை உள்ளே போய் மோதித் திரும்பி வர ஆகும் நேரம், கடலின் ஓதச் சுழற்சியான 12 மணி 25 நிமிடத்துக்கு ஏறக்குறைய சமமாக அமைந்துவிட்டது. ஊஞ்சலைத் தக்க தருணத்தில் தள்ளினால் வீச்சு பெருகுவதைப் போல ஒவ்வோர் ஓதமும் முந்தையதற்கு வலு சேர்க்கிறது. நீர் ஒடுங்கும் வடிவமும் ஆழமின்மையும் அதைக் கூட்டுகின்றன.

நியூ பிரன்ஸ்விக்கில் உள்ள ஹோப்வெல் பாறைகளுக்குப் போனால் இதைக் காலாலேயே அளக்கலாம். தாழ் ஓதத்துக்குச் சுமார் மூன்று மணி நேரம் முன்பிருந்து மூன்று மணி நேரம் பின் வரை கடலடித் தரையில், தலையில் மரங்கள் முளைத்த உயரமான பாறைத்தூண்களுக்கு இடையே நடக்கலாம். ஆறு மணி நேரம் கழித்து அதே இடத்தில் துடுப்புப் படகு போகும். பலர் ஒரு முறை போய்ப் பார்த்துவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். அது அரைக் காட்சிதான். ஓத அட்டவணையைப் பார்த்து, இறக்கமும் ஏற்றமும் பகல் வெளிச்சத்திலேயே வரும் நாளைத் தேர்ந்தெடுத்து, நாள் முழுவதையும் அங்கே கழியுங்கள். பாறைகளும் நிலையானவை அல்ல. யானைப் பாறை என்று பெயர் பெற்றிருந்த தூணின் பெரும்பகுதி 2016 மார்ச்சில் இடிந்து விழுந்தது. அமெரிக்க விசா இருந்தாலும் இந்தியக் கடவுச்சீட்டுக்குக் கனடா விசா தனியாக வேண்டும். அதற்கு ஆகும் நாள்களைக் கணக்கில் வையுங்கள்.

இனி தெற்கே வருவோம். மெக்சிகோவில் கடற்கரை விடுதிகளையும் பிரமிடுகளையும் தாண்டி ஒன்றே ஒன்றைப் பார்க்க நேரம் இருக்கிறதென்றால், மிச்சோவாக்கான் மாநிலத்தின் வண்ணத்துப்பூச்சிக் காடுகளையே சொல்வேன். கனடாவின் தென்பகுதியிலிருந்தும் அமெரிக்காவின் கிழக்குப் பாதியிலிருந்தும் மோனார்க் வண்ணத்துப்பூச்சிகள் ஒவ்வோர் இலையுதிர் காலத்திலும் 4,000 கிலோமீட்டர் வரை பறந்து, கடல் மட்டத்துக்கு ஏறக்குறைய 3,000 மீட்டர் உயரத்தில் உள்ள சில குன்றுகளின் ஓயாமெல் என்னும் ஊசியிலை மரக்காடுகளில் வந்து தங்குகின்றன. கோடையில் பிறப்பவை சில வாரங்களே வாழ்கின்றன. குளிர்காலப் பயணம் போகும் தலைமுறை மட்டும் எட்டு மாதம் வரை வாழ்கிறது. இந்த வழியை முன்பு போய் வந்த பூச்சி ஒன்றுகூட உயிரோடு இல்லாத நிலையில், கொள்ளுப்பேரர்கள் அதே குன்றுக்கு வந்து சேர்கின்றன. வந்து சேரும் நாள்கள் நவம்பர் தொடக்கத்தில், இறந்தோர் திருநாளை ஒட்டி அமைவதால், மறைந்த முன்னோரின் ஆவிகளே இப்படித் திரும்பி வருகின்றன என்ற நம்பிக்கை அங்குள்ள புரெப்பெச்சா, மசாவா மக்களிடையே உண்டு.

இந்தக் காடுகள் அக்கம்பக்கத்துக் கிராமத்தாருக்கு எப்போதும் தெரிந்தவை. அறிவியல் உலகுக்கு எட்டியது 1975 ஜனவரியில்தான். டொராண்டோவைச் சேர்ந்த விலங்கியலாளர் ஃப்ரெட் உர்குகார்ட், தம் மனைவி நோராவோடு சேர்ந்து, பூச்சிகளின் இறகில் சிறு சீட்டு ஒட்டி அவை எங்கே போகின்றன என்று பல பத்தாண்டுகள் தேடினார். அவருக்காகத் தேடிய கென் பிரக்கர், கட்டலினா அகுவாடோ இருவரும் அந்தக் குன்றைக் கண்டுபிடித்தார்கள். அடுத்த ஆண்டு உர்குகார்ட் நேரில் போய் மூச்சு வாங்கியபடி அமர்ந்திருந்தபோது, பாரம் தாங்காமல் கிளை ஒன்று முறிந்து விழுந்தது. அதில் வந்து கிடந்த ஆயிரக்கணக்கான பூச்சிகளுக்கு இடையே, மினசோட்டாவில் சீட்டு ஒட்டப்பட்ட ஒன்று இருந்தது. நாற்பது ஆண்டுத் தேடலுக்கான சான்று அது.

இங்கேயும் நாளும் வேளையும்தான் எல்லாம். மேகம் மூடிய குளிர்ந்த காலையில் பூச்சிகள் கொத்துக் கொத்தாகக் கிளைகளில் ஒடுங்கித் தொங்கும். என்னவென்று அறியாதவர் சருகு என்று கடந்து போய்விடுவார். வெயில் பட்டதும் அந்தக் கொத்துகள் கலைந்து, இறகோசை காதில் விழும் அளவுக்கு வானம் நிறையும். ஜனவரி இறுதியிலிருந்து மார்ச் தொடக்கம் வரை, தெளிந்த நாளில், நண்பகலை ஒட்டிப் போவது நல்லது. அந்த வாரங்களில் அவை நீர் அருந்தத் தாழ்வான ஓடைகளுக்கும் இறங்கி வருகின்றன. எல் ரொசாரியோவும் சியெரா சின்குவாவும் பெயர் பெற்ற இடங்கள். மெக்சிகோ நகரிலிருந்து போய்வர எளிதானது பியெட்ரா எர்ராடா. ஏற்றப் பாதையின் பெரும்பகுதிக்குக் குதிரை கிடைக்கும், அதில் தயக்கம் வேண்டாம்; அந்த உயரத்தில் இளைஞர்களுக்கே மூச்சு முட்டும். பூச்சிகளின் எண்ணிக்கையை அவை அடையும் காட்டுப் பரப்பைக் கொண்டு கணக்கிடுகிறார்கள். 1996-97 குளிர்காலத்தில் 18 ஹெக்டேர் இருந்த அந்தப் பரப்பு 2023-24-இல் ஒரு ஹெக்டேருக்கும் கீழே இறங்கியது. அடுத்த ஆண்டு சற்றே மீண்டது. தள்ளிப்போட வேண்டாம் என்று சொல்ல எனக்கு இந்த எண்களே போதும்.

மெக்சிகோவில் இருக்கும்போது மாயா மக்களின் பழைய நகரமான சிச்சென் இட்சாவின் பாம்பு நிழலைப் பற்றியும் பலர் சொல்வார்கள். மார்ச் 20 அல்லது 21-இலும் செப்டம்பர் 22-ஐ ஒட்டியும், மாலை வெயிலில் குகுல்கான் பிரமிடின் வடக்குப் படிக்கட்டின் கைப்பிடிச் சுவரில் முக்கோண ஒளித்துண்டுகள் வரிசையாக விழுந்து, அடியில் செதுக்கப்பட்ட பாம்புத் தலையோடு சேர்ந்து ஒரு பாம்பு இறங்குவதைப் போலத் தோன்றுகிறது. அந்த நாளிலேயே போக வேண்டும் என்பதில்லை. முன்னும் பின்னும் சில நாள்களுக்கு அதே நிழல் ஏறக்குறைய அப்படியே விழும், கூட்டம் மட்டும் இருக்காது.

தென் அமெரிக்காவில் ஒன்று என்றால் பொலிவியாவின் சலார் டி உயூனி. கடல் மட்டத்துக்கு ஏறக்குறைய 3,650 மீட்டர் உயரத்தில், 10,000 சதுர கிலோமீட்டருக்கும் மேல் பரந்திருக்கும் உப்புவெளி அது. பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன் ஆண்டிஸ் மலைத்தொடர்களுக்கு இடையே தேங்கிய பேரேரிகள் வற்றி விட்டுச் சென்ற எச்சம். உப்பு ஓட்டின் கீழே இருக்கும் உவர்நீரில் உலகின் மிகப் பெரிய லித்தியம் வளங்களில் ஒன்று கரைந்திருக்கிறது. உங்கள் கைப்பேசி மின்கலத்தின் எதிர்கால அரசியல் பெருமளவு இந்த வெள்ளைத் தரைக்கு அடியில்தான் கிடக்கிறது.

சலார் ஆண்டில் இரண்டு முகம் காட்டுகிறது, இரண்டையும் ஒரே பயணத்தில் பார்ப்பது அரிது. மே முதல் அக்டோபர் வரை அது காய்ந்த தரை. உப்பு ஓடு ஐங்கோண, அறுகோணக் கட்டங்களாக வெடித்து, அடிவானம் வரை ஒரே அளவில் விரிந்து கிடக்கும். அப்போது ஜீப்பில் எங்கும் போகலாம். நடுவில் தீவாக நிற்கும் இன்காவாசிக் குன்றில் ஏறி, பல மீட்டர் உயரமுள்ள கள்ளிச்செடிகளுக்கு இடையே நின்று சுற்றிலும் பார்க்கலாம். டிசம்பர் இறுதி முதல் மார்ச் வரை மழை பெய்து சில சென்டிமீட்டர் நீர் மேலே நிற்கும்போது, உலகின் மிகப் பெரிய கண்ணாடி அங்கே உருவாகிறது. காற்று அடங்கிய நேரத்தில் வானமும் தரையும் பிரியும் கோடு மறைந்துபோகும். இந்தக் கண்ணாடிக்கு அடிப்படை சலாரின் மட்டம்: பல பத்துக் கிலோமீட்டர் தொலைவுக்கும் உயர வேறுபாடு ஒரு மீட்டருக்குள்தான். அதனால்தான் செயற்கைக்கோள்களின் உயரமானிகளைச் சரிபார்க்க விஞ்ஞானிகள் இதைப் பயன்படுத்தினார்கள். மழை மிகுந்துவிட்டால் வண்டிகள் விளிம்பிலேயே நின்றுவிடும், தீவுக்குப் போக முடியாது. அது அந்தப் பருவத்தின் விலை.

என்னைக் கேட்டால் கண்ணாடிப் பருவமே மேல். காய்ந்த சலார் அழகுதான், ஆனால் அதற்கு ஒப்பான வெள்ளைப் பரப்புகளை உலகில் வேறிடங்களிலும் பார்க்க முடியும். நியூ மெக்சிகோவின் ஒயிட் சாண்ட்ஸ் பூங்காவின் ஜிப்சம் மணற்குன்றுகள் கோடை வெயிலிலும் பாதத்தைச் சுடாத வெண்மை. அங்கே போய்வர இவ்வளவு பாடும் இல்லை. கண்ணாடிக்கு ஈடாக ஒன்றை நான் அறியேன். வண்டி ஓட்டுநரிடம் நடுப்பகல் பயணம் வேண்டாம், விடியலும் அந்தியும் வேண்டும் என்று முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். அந்தி முடிந்ததும் கிளம்பிவிடாமல் விண்மீன்கள் காலடியில் தெரியும் வரை காத்திருக்கச் சொல்லுங்கள். முழங்கால் வரை ரப்பர் காலணி, குளிர்க்கண்ணாடி, இரவுக்குத் தடித்த உடை ஆகியவை கட்டாயம். அங்கிருந்து சிலியின் சான் பெட்ரோ டி அத்தகாமா வரை மூன்று நாள் ஜீப் பயணமும் உண்டு. பாசியால் சிவந்த லகூனா கொலராடா ஏரியும் அதில் நிற்கும் பூநாரைகளும் அருமையானவை என்றாலும், அந்த வழி 4,800 மீட்டருக்கு மேல் ஏறுகிறது. உங்கள் வயதில் மருத்துவரின் ஒப்புதல் இல்லாமல் அதைச் சேர்க்க வேண்டாம். சலாருக்கும்கூட, லா பாஸ் நகரின் எல் ஆல்ட்டோ விமான நிலையத்தில் இறங்கிய அன்றே போகாமல், உடல் உயரத்துக்குப் பழகச் சில நாள்கள் கொடுங்கள்.

சலாருக்கு நேர்மாறான பருவத்தைக் கொண்டது பிரேசிலின் லென்சோயிஸ் மரன்யென்சிஸ். வெண்மணற்குன்றுகள் 1,500 சதுர கிலோமீட்டர் பரந்த பூங்கா அது. பார்வைக்குப் பாலைவனம், மழையளவிலோ பாலைவனத்துக்குக் கொஞ்சமும் பொருந்தாத இடம். ஆண்டின் முற்பாதியில் பெய்யும் மழை, அடியில் நீரை எளிதில் விடாத அடுக்கின் மேல் தேங்கி, குன்றுகளுக்கு இடையே நீலமும் பச்சையுமாக ஆயிரக்கணக்கான நன்னீர்க் குளங்களை நிறைக்கிறது. ஜூனிலிருந்து செப்டம்பர் தொடக்கம் வரை அவற்றில் இறங்கிக் குளிக்கலாம். நவம்பரில் போனால் மணல் மட்டும் இருக்கும். 2024-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த பிறகு கூட்டம் கூடிவருகிறது. பாரெய்ரினியாஸ் ஊரைவிட சான்டோ அமாரோவில் தங்குவது குளங்களுக்கு அருகில் இருக்கும்.

அதே மாதங்களில் கொலம்பியாவின் மக்கரேனா மலைப்பகுதியில் கான்யோ கிரிஸ்டாலெஸ் ஆறு சிவக்கிறது. பாறையைப் பற்றிக்கொண்டு ஓடும் நீருக்குள் வளரும் ஒரு செடிதான் அந்தச் சிவப்பு. நீர் மிகுந்தால் வெயில் எட்டாது, குறைந்தால் செடி காய்ந்துவிடும், எனவே ஜூன் முதல் நவம்பர் வரையிலான இடைநிலை நீரோட்டத்தில் மட்டுமே நிறம் தெரியும். அந்தச் செடியின் குடும்பமான போடோஸ்டெமேசியே நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் ஓடைப் பாறைகளிலும் வளர்கிறது. உள்நாட்டுப் போர்க் காலத்தில் வெளியார் போகவே முடியாதிருந்த பகுதி அது. இப்போது வழிகாட்டியோடும் நாளொன்றுக்கு உரிய எண்ணிக்கைக் கட்டுப்பாட்டோடும்தான் அனுமதி. வெயில் களிம்பும் கொசு விரட்டியும் பூசிக்கொண்டு நீரில் இறங்கத் தடை. வெனிசுவேலாவின் மரக்கைபோ ஏரிமேல் ஆண்டில் பெரும்பாலான இரவுகள் மின்னும் கட்டடும்போ மின்னலையும் சிலர் பரிந்துரைப்பார்கள். உலகில் வேறெங்கும் அவ்வளவு அடர்த்தியாக மின்னல் விழுவதில்லை என்பது உண்மையே. அந்நாட்டின் இன்றைய நிலையில் அதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

பருவம் பார்க்கத் தேவையில்லாதவை சிலவும் உண்டு. அரிசோனாவின் விண்கல் பள்ளம் 1.2 கிலோமீட்டர் விட்டமுள்ளது, 50,000 ஆண்டுப் பழமையானது, தனியாருக்குச் சொந்தமானது. ஒரு மணி நேரம் போதும். டிரினிடாடின் லா பிரேயா ஊரில் இயற்கைத் தார் தேங்கிய ஏரியின்மேல் நடக்கலாம். 1595-இல் ஆங்கிலேயக் கடலோடி வால்டர் ராலே அதைத் தம் கப்பல்களுக்குப் பூசினார். பெருவின் பாலைத் தரையில் கீறப்பட்ட பெரும் உருவங்களான நாஸ்கா கோடுகளைச் சிறு விமானத்திலிருந்து பார்க்க வேண்டும். பிற்பகல் காற்றில் விமானம் குலுங்கும் என்பதால் காலையிலேயே, வயிற்றில் அதிகம் இல்லாமல், ஏறுங்கள். அரிசோனாவின் ஆண்டிலோப் பள்ளத்தாக்கும் ஆண்டு முழுவதும் திறந்திருப்பதுதான். நவஹோ மக்களின் நிலமாதலால் அவர்கள் வழிகாட்டியோடுதான் நுழையலாம். 1997 ஆகஸ்ட் 12 அன்று பல கிலோமீட்டர் தள்ளிப் பெய்த மழை வெள்ளமாக அந்தக் குறுகிய பிளவுக்குள் பாய்ந்து 11 சுற்றுலாப் பயணிகளைக் கொன்றது. தலைக்கு மேலே வானம் தெளிவாக இருந்தாலும், வழிகாட்டி வேண்டாம் என்றால் வாதாடாதீர்கள்.

இந்தியாவிலிருந்து போகிறவர்கள் மறந்துவிடும் ஒன்று மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி. பொலிவியா, பிரேசில், கொலம்பியா, பெரு போன்ற நாடுகளுக்குப் போய்த் திரும்புவோரிடம் நம் விமான நிலையங்களில் அந்தச் சான்றிதழைக் கண்டிப்பாகக் கேட்கிறார்கள்; இல்லாவிட்டால் ஆறு நாள் வரை தனிமைப்படுத்தி வைக்கலாம். ஊசி போட்டு 10 நாள் கழித்துத்தான் சான்றிதழ் செல்லும். ஒருமுறை போட்டால் ஆயுளுக்கும் போதும். சென்னையில் கிண்டி கிங் ஆய்வகத்தில் போடுகிறார்கள். ஆனால் அறுபது வயதைக் கடந்தவர்களுக்கு இந்த ஊசியில் பக்கவிளைவு வாய்ப்பு சற்று அதிகம், ஆகவே உங்கள் மருத்துவரிடம் முன்கூட்டியே பேசுங்கள். அவர் வேண்டாம் என்று சொன்னால் தென் அமெரிக்காவை விட்டுவிட்டு மெக்சிகோவோடும் வட அமெரிக்காவோடும் நிறுத்திக்கொள்வதே சரி.

ஊசிக்குத் தடை இல்லையென்றால், பிப்ரவரி தொடக்கத்தில் கலிபோர்னியா போய்ச் சேருங்கள். முதல் இரண்டு வாரத்தில் மரணப் பள்ளத்தாக்கு, மாத நடுவில் யோசெமிட்டி, கடைசி வாரத்தில் மிச்சோவாக்கான், மார்ச் முதற்பாதியில் சலார், திரும்பும் வழியில் மார்ச் 20-க்குச் சில நாள் முன்போ பின்போ சிச்சென் இட்சா என்று வரிசை தானாகவே அமைகிறது; ஓரிடம்கூடத் தன் பருவத்தைத் தாண்டி வரவில்லை. பேரக்குழந்தைகளின் பள்ளி விடுமுறைக்காக ஜூலை, ஆகஸ்டில்தான் போக முடியும் என்றால் யெல்லோஸ்டோன், ஃபண்டி, லென்சோயிஸ், கான்யோ கிரிஸ்டாலெஸ் ஆகிய நான்கும் உங்களுக்குரியவை. அப்போது பட்டாம்பூச்சியையும் கண்ணாடியையும் கேட்காதீர்கள். செல்லுபடியாகும் அமெரிக்க விசா இருந்தால் மெக்சிகோவுக்குத் தனி விசா வேண்டியதில்லை, பொலிவியாவுக்கு வேண்டும். விதிகள் அடிக்கடி மாறுவதால், விமானச் சீட்டுக்குப் பணம் கட்டுமுன் அந்தந்தத் தூதரகத்தில் ஒருமுறை உறுதி செய்துகொள்ளுங்கள்.